கெளுத்தி குத்தியும் கத்தாதவன்

கெளுத்தி குத்தினால் ஆள் கத்த வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் இது சட்டம் மாதிரி. அந்த மீனின் முள்ளில் விஷம் உண்டு. குத்திய இடத்தில் நெருப்பை வைத்து அழுத்தியது போல இருக்கும். மீசை முறுக்கிய ஆண்களெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். நானும் கூப்பிட்டிருக்கிறேன், என் அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆன பிறகும்.

அன்று வலையைக் கட்டி முடித்துவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தேன். எத்திராஜ் என் காலைப் பார்த்தான். அவன் என் மனைவியின் தம்பி. என்னோடுதான் தொழிலுக்கு வருகிறான்.

"மாமா, கால்ல முள்ளு நிக்குது!"

"எங்கடா?"

"சுண்டு வெரலாண்ட. அய்யய்யோ, ரத்தம் வேற ஊத்துது. இன்னா மாமா, வலிக்கல?"

குனிந்து பார்த்தேன். உடைந்த கெளுத்தி முள் ஒன்று கொடிக்கம்பம் போல நட்டுக்கொண்டு நின்றது. எனக்கு லேசாக எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது.

புத்தி உள்ளவன் அங்கேயே பயந்திருப்பான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "இது இன்னா சாதா காலுனு நெனச்சியா? ஏரியில ஊறி இரும்பாயிடுச்சு" என்று முள்ளைப் பிடுங்கி எறிந்தேன். கரைக்கு வந்ததும் பார்த்தவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினேன். கோயில் திருவிழாவில்கூட எனக்கு அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

எனக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரியும். மாத்திரையும் வீட்டில் இருந்தது. நினைவு வந்தால் போடுவேன். நினைவு வருவது அபூர்வம். ஒரு வருடமாகவே ஏரியில் இறங்கினால் பஞ்சு மேல் நடப்பது போல இருந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அடைத்துச் சேறு சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான்தான். 'ஏரியின் அடிமண் மிகவும் இளகிவிட்டபடியால்' என்று தொடங்கி ஒரு மனுவே எழுதி அனுப்பினேன். ஏரி அப்படியேதான் இருந்தது. இளகிப் போனது என் நரம்பு.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா ஒரு குண்டானில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கெளுத்தி குத்தினால் எங்கள் பக்கத்தில் செய்வது அதுதான். தாங்குகிற சூட்டில் காலை வைத்துக்கொண்டிருந்தால் வலி இறங்கும். நான் காலை விட்டேன்.

"சூடே இல்லியே சரோ. ஏரித் தண்ணியே இத்தவிட சூடா இருக்கும்."

அவள் அடுப்பில் இருந்ததை எடுத்து இன்னும் ஊற்றினாள். அப்போதும் எனக்குப் போதவில்லை. மறுபடியும் ஊற்றினாள். நான் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, கரையில் சொன்ன கதையை அவளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். குண்டானை நகர்த்தலாம் என்று விளிம்பில் கை வைத்தவள் "ஐயோ!" என்று கையை உதறினாள்.

"யோவ், கால எடுய்யா! வெந்துடப் போவுது!"

எடுத்தபோது கால் வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது. அப்போதும் நான், "பாத்தியா, இதுவும் தாங்குது" என்றேன். சரோஜா துணியால் பிடித்துக் குண்டானை வாசலில் கொட்டினாள்.

மறுநாள் கொப்புளம். அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஏரிக்குப் போனேன். கொப்புளம் உடைந்தது, வலிக்கவில்லை. வலிக்காததால் ஆறிவிட்டது என்று நினைத்தேன். இந்த நோயின் குசும்பே அதுதான்.

பிறகு ஒரு காலையில் வீட்டுக்குள் அழுகிய மீன் வாடை வந்தது. சரோஜா கூடையில் மீன் சுமந்து விற்பவள். ஐஸ் வைத்த மீனையும் ஐஸ் வைக்காத மீனையும் வாசலில் நின்றே பிரித்துச் சொல்லிவிடுவாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், கூடையைக் கவிழ்த்துப் பார்த்தோம், பூனையைத் திட்டினோம். கடைசியில் அவள் என் பக்கத்தில் வந்து நின்று முகர்ந்தாள்.

"மீனு இல்ல. நீதான்."

துணியை அவிழ்த்தாள். சுண்டு விரல் கறுத்திருந்தது. அவள் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பொன்னேரி பஸ்ஸில் ஏறினோம்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். காயத்தைப் பார்த்துவிட்டு என் இன்னொரு காலையும் நீட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினார் (பாதத்தில் தொடுவுணர்வு இருக்கிறதா என்று அறியும் சோதனை).

"தொடும்போது சொல்லுங்க ஐயா."

"தொடுங்க, சொல்றேன்."

"தொட்டுட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். எங்கள் வலையில் இருக்கும் அதே நைலான். ஆயுள் முழுக்க அதைப் போட்டு மீனைப் பிடித்தவன் நான். அன்று அவர் என் காலில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் மாட்டவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு நகைச்சுவை வராத முதல் நிமிடம் அது.

"இதுக்கு நியூரோபதின்னு பேரு (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது). உங்க காலுக்கு வலி தெரியல. அதனாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு" என்றார். "விரலைக் காப்பாத்த முடியாது. பாதத்தைக் காப்பாத்தலாம். அது பாதி என் கையில, பாதி உங்க கையில."

"என் பாதியில நான் இன்னா செய்யணும்?"

"தண்ணில எறங்கக் கூடாது. காலை ஊனக் கூடாது. காயம் மூடுற வரைக்கும்."

எனக்குப் பாடு வரப்போகிறது என்றேன். ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்த அன்று இறங்காவிட்டால் அது போனதுதான்.

"பாடு திரும்ப வருமா?" என்று கேட்டார்.

"வரும்."

"கால் வராது."

விரலை எடுத்தார்கள். செத்த சதையைச் சுரண்டிக் காயத்தைச் சுத்தம் செய்தார்கள். கிருமியை அடக்க ஊசி, சர்க்கரையை அடக்க இன்சுலின் (சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்ள உதவும் மருந்து). பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஒருவர் படுத்திருந்தார். நான் அவரிடம் வேடிக்கையாக ஏதோ சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு, "எனக்கும் வெரல்லதான் ஆரம்பிச்சுது" என்றார்.

அன்று முடிவு செய்தேன். பாதத்தை விடுவதில்லை.

சாப்பாட்டைப் பற்றி மருத்துவரிடம் கொஞ்சம் வாதாடினேன். "நாங்க மீனுதாம்மா சாப்புடறோம். மீனுல ஏது சர்க்கரை?"

"மீன் நல்லதுதான். அதுக்கு அடியில ஒரு மலை சோறு இருக்கே, அதைச் சொல்றேன்."

என் தட்டை இவர் எப்போது பார்த்தார் என்று சரோஜாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சோற்றுக் கரண்டி அவள் கையில். முன்பு சோற்றுக்கு நடுவில் மீன் இருக்கும். இப்போது மீனுக்கும் கீரைக்கும் நடுவில் சோறு இருக்கிறது, விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு. படகில் குடிக்கும் பாகு போன்ற டீ போயிற்று. ரத்த அழுத்தமும் இருந்ததால் கருவாடு எப்போதாவது என்றாயிற்று. அது எனக்குச் சுண்டு விரலைவிடப் பெரிய இழப்பு என்று ஊரில் சொல்லித் திரிந்தேன். அது பொய். விரல் இருந்த இடத்தை நான் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாடு நாள் வந்தது. எத்திராஜ் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராக நின்றான். நான் அந்தக் காலை ஊன்றாமல், கம்பைப் பிடித்துத் தத்திக் கரை வரை போயிருந்தேன். ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காலை இன்னொரு பெட்டி மேல் நீட்டிக்கொண்டேன். காற்று நன்றாக இருந்தது. தண்ணீரின் நிறமும் நன்றாக இருந்தது. எல்லாம் என்னைப் பழிவாங்குவது போல நன்றாக இருந்தன.

"படகுலயே குந்தினு வாயேன் மாமா. தண்ணில எறங்காத. நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

ஆசைதான். ஆனால் என்னை எனக்குத் தெரியும். வலை நிறைந்து குலுங்குவதைப் பார்த்தால் கட்டோடு குதித்துவிடுவேன்.

"வேணாம் மச்சான். நீ போ. மீனு நெறைய வந்தா எனக்குச் சொல்லாத."

போனார்கள். நிறையத்தான் வந்தது. அவன் சொல்லவில்லை, சரோஜாவின் கூடை சொன்னது.

காயம் மெல்ல, மிக மெல்ல மூடியது. திரும்ப ஏரிக்குப் போகலாமா என்று கேட்டபோது மருத்துவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "முடிஞ்ச வரைக்கும் படகுல இருந்தே வேலை பாருங்க. எறங்கியே ஆகணும்னா கொஞ்ச நேரம்தான். கட்டாயம் காலுக்கு ஷூ போட்டு எறங்கணும். வெறுங்கால் இனிமே வீட்டுக்குள்ளகூட கூடாது."

அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் செருப்போடு யாரும் படகில் ஏறுவதில்லை. படகு எங்களுக்குச் சாமி. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் தொடுவோம். எத்திராஜ் தலையைச் சொறிந்தான்.

"மாமா, நீ இன்னா வேணா கேளு. செருப்பு மட்டும்..."

சரோஜா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "செருப்பு ஏன் ஆவாதுன்ற?"

"ஊர் அழுக்கெல்லாம் மிதிச்சுனு வர்றதாச்சே."

"கரையையே மிதிக்காத செருப்புனா?"

அவன் மறுபடியும் தலையைச் சொறிந்தான்.

பொன்னேரியில் கெட்டி ரப்பர் அடி வைத்த ஷூ ஒரு ஜோடி வாங்கினோம், காலுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் காட்டிய பிறகுதான். சரோஜா அதை மறுபடி பெட்டியில் போட்டு, தரையில் படாமல் நேரே படகில் கொண்டுபோய் வைத்தாள். படகுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தபோது ஷூவுக்கும் ஆளுக்கொரு பொட்டு. அது தரையை மிதித்ததே இல்லை. ஏரியை மட்டுமே அறியும். கரை வரை ஒரு செருப்பு, படகில் இந்த ஷூ. நடுவில் ஏறும் அந்த ஓரடிக்கு, படகோரம் ஒரு பலகை போட்டு, அதன் மேல் சுத்தமான சாக்கு விரித்து, எத்திராஜ் என் தோளைப் பிடித்துக்கொள்கிறான். கல்யாண மாப்பிள்ளைகூட அவ்வளவு மரியாதையாக மணையேறியிருக்க மாட்டான். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு, காலைச் சிப்பி ஓடு கிழித்த ஒருவர் வந்து, அந்த ஷூ எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

உங்களுக்கும் சர்க்கரை இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், என்னிடம் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஷூவைப் போடும் முன் உதறுங்கள். என் ஷூவில் ஒருநாள் நண்டு குடியிருந்தது. வெந்நீர் எதற்காக இருந்தாலும், உணர்வுள்ள இன்னொருவர் கை அதில் முதலில் படட்டும். விரல் இடுக்கைத் துடைத்து உலர விடுங்கள். இன்சுலின் போடுபவர் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தலைசுற்றி வியர்த்தால் (சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதன் அடையாளம்) வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது இனிப்பு கூடவே இருக்கட்டும். என் படகில் இப்போது இனிப்பு இருப்பது அதற்காக மட்டும்தான். எத்திராஜ் நம்புவதில்லை.

முன்பு என் நாளை ஏரி நடத்தியது: தண்ணீர் ஏறுவது, வடிவது, பாடு வருவது. இப்போது ஒவ்வொரு மாலையும் ஒரு சிறு பொழுது என் பாதங்களுக்கு உரியது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதற்கு மேல் காலைத் தூக்கி, அடிப்பாதத்தைத் தேடுகிறேன். இத்தனை வருடம் என்னைத் தாங்கியவை. இப்போதுதான் அவற்றின் முகத்தைப் பார்க்கிறேன்.

போன வாரம் எத்திராஜ் வலைக்கம்பை நட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று ஏரி அதிரக் கத்தினான்.

"ஐயோ அம்மா! கெளுத்தி மாமா, கெளுத்தி!"

கை கொடுத்துப் படகில் ஏற்றினேன். முள்ளை எடுத்தேன். அவன் கண்ணில் தண்ணீர். வாயில் என் பரம்பரைக்கே வசவு. எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு பொறாமையும் வந்தது.

"கத்து மச்சான். நல்லா கத்து. எவ்ளோ நல்ல காலு ஒன்னுது!"

"உனக்கு இன்னா பைத்தியமா மாமா?"

அவன் காலைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிறகு, நானும் அன்று கொஞ்ச நேரம் தண்ணீரில் இறங்கியிருந்ததால், என் ஷூவைக் கழற்றி, அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவன் கத்திக்கொண்டே இருந்தான். என் கால்களுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு, துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்து வலித்தேன்.