விருந்து மேசையில் பாஸ்குவாலாவின் குரல்

எர்னெஸ்தினாவிடம் எங்கள் ஊரில் யாரும் லேசில் வாய் கொடுக்கமாட்டார்கள். மட்டிக்குப் புகை போட்டுக் கோரையில் கோத்துக்கொண்டே, மரப்பாலத்தில் போகிறவர் வருகிறவரின் நடை, படகு, மாமியார் எதையும் விட்டுவைக்காமல் பேசுவாள். நான் சிலோயே தீவிலிருந்து மீன்பிடிக்க வந்து, இந்த மழை ஓயாத புவெர்த்தோ எதேனிலேயே தங்கிப்போனவன். அவள் பக்கத்து வீட்டுக்காரன்.

அவளும் அவள் அக்கா பாஸ்குவாலாவும் தங்கள் பழங்குடியின் கவேஸ்கர் மொழியில்தான் சண்டை போடுவார்கள். அதில் தடங்கல் இல்லாமல் சண்டை போடத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சம். பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழிதான் வரும்.

பாஸ்குவாலா படுக்கையில் விழுந்தபிறகு அந்த மொழியை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து லியாந்த்ரோ என்பவர் வந்தார். கிழவி கடல்சிங்க வேட்டையைச் சொல்வாள், தீவுகளுக்கு இடையே ஓடும் கடல் கால்வாய்களின் பெயர்களைச் சொல்வாள். அவர் அவளுடைய கம்பளியின்மேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்வார். எர்னெஸ்தினா மட்டி எடுக்கப் போயிருந்த வேளைகளிலும் கருவி ஓடியது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பாஸ்குவாலா போய்விட்டாள்.

பனிப்பாறை பார்க்கப் போகும் சுற்றுலாக் கப்பல் ஒன்று கோடையில் எங்கள் ஊரருகே நிற்கும். கூடை முடையும் பெண்களை மேலே ஏற்றி விற்கவிடுவார்கள். எர்னெஸ்தினாவை என் படகில் கொண்டுபோய் விட்டு நானும் ஏறினேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்டிறைச்சியின் கொழுப்பு வாடையும் வாசனைத் தைலமும் கலந்து குமட்டியது. கான்ஸ்தான்சா என்ற வழிகாட்டிப் பெண் ஒலிவாங்கியை எடுத்து, அழிந்துகொண்டிருக்கும் ஒரு மொழியில் கடலுக்குச் செய்யும் பழம்பிரார்த்தனையை இப்போது கேட்கலாம் என்றாள். அலையோசை எழுந்தது. பின்னாலேயே புல்லாங்குழல். அதன்மேல் பாஸ்குவாலாவின் குரல்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் உதட்டில் கொழுப்பு வழிய, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எர்னெஸ்தினா கூடையை நெரித்துப் பிடித்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

"இவ என்ன சொல்றான்னு உனக்குத் தெரியுமா?"

"கடல்கிட்ட வேண்டிக்கிறாங்க. இல்லையாம்மா?"

"மூத்திரம் வருதுங்கிறா. என்னை வெளியே கூட்டிட்டுப் போங்க, பக்கத்துல உட்கார்ந்து பதிவு பண்ற இந்த ஆம்பளையை எழுந்துபோகச் சொல்லுங்கங்கிறா. கடைசியில, நனைஞ்சுபோச்சுங்கிறா. எங்க அக்கா."

கான்ஸ்தான்சாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு கூடத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். உடன்பிறந்தவளின் குரலைக் கேட்டு இந்த அம்மா நெகிழ்ந்துபோயிருக்கிறார் என்று சொன்னாளாம். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்தவன். செத்துக் கரையொதுங்கிய திமிங்கலத்தை அறுத்திருக்கிறேன். அந்தக் கைதட்டலைப்போல அசிங்கம் வேறெதையும் பார்த்ததில்லை.

எர்னெஸ்தினா மேசை மேசையாகப் போனாள். ஒவ்வொரு மேசையிலும் குனிந்து, "மூத்திரம்" என்று ஸ்பானிய மொழியில் சொன்னாள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்ல, முட்கரண்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒரு சீமாட்டி ஓடிவந்து கூடைகள் அத்தனையையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எர்னெஸ்தினா ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. படகில் ஏறியதும் வாந்தி எடுத்தாள்.

லியாந்த்ரோவைத் தொலைபேசியில் பிடித்தோம். பதிவைக் கப்பலுக்கு யார் கொடுத்தார்கள் என்று தனக்குத் தெரியாது என்று மன்னிப்புக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மொழியில் வினைச்சொல்லின் கடைசியில், காலத்தைக் காட்ட ஒரு வால் ஒட்டிக்கொள்ளுமாம். எப்போதோ கதையில் நடந்ததற்கு ஒரு வால், இப்போதுதான் நடந்ததற்கு வேறொன்று. பாஸ்குவாலா 'நனைஞ்சுபோச்சு' என்றபோது அந்த இரண்டாவது வால் இயல்பாக வந்திருக்கிறதாம். இத்தனை நல்ல உதாரணம் வேறு எங்கும் பதிவாகவில்லை, அழிக்க மனம் வரவில்லை என்றார்.

"எங்க அக்கா நனைச்சது உனக்கு உதாரணமாடா?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

அவர் சொன்னது உண்மை என்பதுதான் அவளை இன்னும் அரித்தது. தான் போனால் அந்த வாலும் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். சோறும் வேண்டாம் பேச்சும் வேண்டாம் என்று கிடந்தாள்.

ஊருக்கு வரும் அடுத்த பயணிகள் கப்பலிலேயே லியாந்த்ரோ வந்து இறங்கினார். எர்னெஸ்தினா வீட்டுக்குள் விடவில்லை. மரப்பாலத்தில் மழையில் நின்றார். சாயங்காலம், போனால் போகட்டும் என்று உள்ளே கூப்பிட்டு, ரொட்டியும் கொடுத்து, அக்காவின் பதிவுகள் அனைத்தையும் முதலிலிருந்து போடச் சொன்னாள். கடல்சிங்கக் கதை இருக்கட்டும், வசவுகளும் இருக்கட்டும் என்றாள். அந்த ஒரு துண்டு மட்டும் கூடாது. அவள் கண்ணெதிரே அவர் அதை அழித்தார். பல் பிடுங்கிக்கொண்டவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

"வால்தானே வேணும்? இந்தா, என் வாயிலேருந்து எடுத்துக்கோ," என்றாள். கருவியைத் தன் பக்கம் இழுத்து, கவேஸ்கரில் நிதானமாகப் பேசினாள். பேசி முடித்ததும், எனக்கும் புரியும்படி அவரையே ஸ்பானிய மொழியில் சொல்லச் சொன்னாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இந்த ஆள் இப்போதான் என் வீட்டுக்குள்ள வந்தான். இப்போதான் என் ரொட்டியைத் தின்னான். இப்போதான் நாத்தம் அடிக்க ஆரம்பிச்சுது."

அந்தப் பதிவு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கப்பலில் இப்போது புல்லாங்குழல் மட்டும்தானாம். எங்கள் பெண்கள் யாரும் அதில் ஏறுவதில்லை. அழித்த துண்டுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை என்று அவர் சத்தியம் செய்துவிட்டுப் போனார். நம்புகிறாயா என்று எர்னெஸ்தினாவிடம் கேட்டேன்.

"இல்லை," என்றாள்.