அம்மா மாலை கழற்றாத வாரம்

காட்டில் இருந்தவரை நான் சாமி. ஊர் திரும்பிய பிறகும் பல நாள் சாமியாகவே இருக்க வேண்டியதாயிற்று. வம்பு அங்கேதான் வந்தது.

எட்டு வயதில் அப்பாவோடு சபரிமலைக்குப் போனேன். வண்டியில் பம்பை வரை போய் இறங்குகிற சுலபமான வழியில் அல்ல. எருமேலியிலிருந்து காட்டுக்குள் நடக்கிற பெருவழியில். மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சிறுமிகளுக்கு மாளிகைப்புறம் என்று தனிப்பெயர் உண்டு. அது அப்பாவின் வாயில் நுழையாததால் என்னையும் சாமி என்றே கூப்பிட்டார். "சாமி, கால் வலிக்குதா? தோள்ல ஏறிக்கிறீங்களா?" பெற்ற அப்பா என்னிடம் வாங்க போங்க என்று பேசியது அந்தக் காட்டில்தான். யானை போன தடத்தில் மூங்கில் முறிந்து கிடந்தது. யாராவது இருமினால் அடுத்த வளைவு வரை கேட்டது. கரிமலை ஏற்றத்தில் என் காலில் ஏறிய முள்ளை அப்பா பல்லால் கடித்து எடுத்தார்.

மற்ற மாதங்களில் அவர் இப்படி இல்லை. பீன்யா ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்தால் பஸ் நேராக எங்கள் பக்கம் வரும், அப்பா வரமாட்டார். வரும்போது வாசனைதான் முதலில் உள்ளே வரும். அம்மா என்னைத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ளச் சொல்வாள். மாலை போட்ட நாளிலிருந்து அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. இது எனக்கும் தெரியும்தான். ஆனால் மாலையையும் அந்த வாசனையையும் சேர்த்துப் பார்க்கிற அறிவு எட்டு வயதில் இல்லை.

திரும்பி வந்த வேன் ஒசூர் ரோட்டில் நுழைந்தபோதே காது அடைத்துக்கொண்டது. இத்தனை ஹாரனையும் இத்தனை நாள் எப்படிப் பொறுத்தோம் என்றிருந்தது. ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ரயில் போகும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அன்றைக்கு ஒவ்வொரு ரயிலுக்கும் யானை வந்துவிட்டதென்று துள்ளினேன், அப்பா சிரித்தார். ஆனால் தெருமுனையில் நின்ற கபாப் வண்டியைக் கண்டதும் எனக்கு ஊர் பழகிவிட்டது. எண்ணெயில் கோழி சிவக்கச் சிவக்கப் பொரிகிற அந்த மணத்தில் காடு, மலை, பக்தி எல்லாம் கரைந்தன. "மாலையக் கழட்டுனதும் மொத வேல அதான் சாமி" என்றார் அப்பா.

வாசலில் தேங்காய் உடைத்து உள்ளே போனோம். மாலையை வீட்டிலேயே கழற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார் எங்களை மலைக்குக் கூட்டிப்போன குருசாமி. பெற்ற தாய் கழற்றுவது எங்கள் வழக்கம். அப்பாவைப் பெற்றவள் இல்லாததால் இருவருக்கும் அம்மாதான். கழற்றிய மாலையைப் பாலில் போட்டு எடுத்து வைக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

அம்மாவோ பால் திரிந்துவிட்டது என்றாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஆகாது என்றாள். அப்புறம் அஷ்டமி வந்தது, நவமி வந்தது. ராகு காலமும் எமகண்டமும் எங்கள் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தன. நாள் கிழமை பார்த்தே அறியாத அம்மாவுக்குத் திடீரென்று காலண்டர் மேல் அப்படி ஒரு பிரியம். அப்பா கறுப்புச் சட்டையோடு வேலைக்குப் போனார், நேராக வீட்டுக்கு வந்தார், அம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார். எனக்குத்தான் பொறுமை போய்விட்டது.

ஒரு காலையில் நானே பால் பூத்துக்கு ஓடினேன். "ஏனு பேக்கு சாமி?" என்று பூத்காரர் கன்னடத்தில் என்ன வேண்டுமென மரியாதையாக விசாரித்து ஒரு பாக்கெட் கொடுத்தார். கொண்டுவந்து அம்மா கையில் வைத்தேன்.

"இன்னைக்கு எல்லாம் நல்லாருக்கும்மா. காலண்டர்ல பாத்துட்டேன்."

அம்மா அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிண்ணத்தில் பாலை ஊற்றி, விளக்கேற்றி, முதலில் என் மாலையைக் கழற்றினாள். மாலையில் என் முடி சிக்கி வலித்தது. அப்பா பக்கம் திரும்பினாள். அவர் தலையைக் குனியவில்லை. மாலையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கறேன்."

"எவ்ளோ நாளு?" என்றாள் அம்மா.

"தெரில. பாப்போம். நீ இனிமே நாள் பாக்க வேணாம், நானே சொல்றேன்."

மாலை போட்டவர் கபாப் வண்டிப் பக்கம் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆக, காட்டில் தோளில் சுமந்த அப்பா ஊருக்கு வந்ததும் வாக்குத் தவறிவிட்டார். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பாவம், அவளுக்கும் கபாப் மேல் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறதே என்று நினைத்து, என் அழுகையை நிறுத்திவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.