வடிவு சித்தி பார்த்த கண்டி

ஆவுடையப்பன் சித்தப்பா தூத்துக்குடியில் வெங்காயமும் வத்தலும் கொழும்புக்கு அனுப்புகிற கம்பெனியில் வேலை பார்த்தார். சரக்கு விஷயமாக அவ்வப்போது கொழும்பு போய் வருவார். போகும்போது இருக்கிற உடம்பு திரும்பும்போது இருக்காது. எல்லாம் சாப்பாட்டினால்தான். அவர் சுத்த சைவம். மீன் விற்கிற தெரு வழியாக வந்தால் கால் கழுவாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார். கொழும்பிலோ சம்பல் என்று அங்கே சொல்லும் தேங்காய்த் துவையலில்கூட மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டுவிடுவார்கள். அங்கிருக்கும் நாளெல்லாம் வாழைப்பழத்தோடு கழியும்.

எழுபத்தொன்றாம் வருஷம் பங்குனியில் ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், "ஏளா வடிவு, இந்தத் தடவ எல்லாரும் போவம். பிள்ளைகளுக்கும் ஊரைச் சுத்திக் காட்டுன மாதிரி இருக்கும்" என்றார்.

அருணாசலவடிவு சித்தி ஆத்தூரில் பிறந்தவள். தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதுவரை அவள் பார்த்த வெளியூர் திருச்செந்தூர்தான். அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனதாக எங்கள் அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

மூட்டை கட்டும்போதுதான் சித்திக்கு லேசாக ஏதோ உறுத்தியது. மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, பருப்பு, புளி, வடகம், சாம்பார்ப் பொடி, சோற்றுப் பானை, கரண்டி என்று சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். அவளுடைய சேலைகளுக்குப் பெட்டியில் ஒரு மூலைதான் மிஞ்சியது.

ராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் கொழும்பு போனார்கள். கடைத்தெருவில் ஒரு மாடி அறை. காலையில் சித்தி அரிசி உப்புமா கிண்டுவாள். சாப்பிட்டுவிட்டு மகள் கோமதியையும் மகன் நெல்லையப்பனையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா கிளம்புவார். அவர்கள் பசியோடு திரும்பும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார்கள். ராத்திரிப் பலகாரத்துக்கு வருவார்கள்.

"அம்மா, ஜூவுல யானை டான்ஸ் ஆடிச்சும்மா!" என்று நெல்லையப்பன் ஆடிக் காட்டினான்.

"நாளைக்கு நானும் வாரேங்க" என்றாள் சித்தி.

"நீ வந்துட்டா பிள்ளைக பசிக்குன்னா என்னத்தக் குடுக்க? நீ இங்கன இருக்கங்காட்டித்தானே நாங்க நிம்மதியாச் சுத்துதோம். கண்டிக்குப் போவம்லா, அங்கன நீயும் வரலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. சித்தி ஸ்டவ்வின் திரியைச் சரி செய்யப் போய்விட்டாள்.

கண்டியில் தங்கியது வெள்ளத்துரை அண்ணாச்சி கடையின் பின்னறையில். அவரும் தூத்துக்குடிக்காரர். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பாய் விரிக்கிற அளவுக்கு இடம். ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில் சுவர். மறுநாள் எல்லாரும் ஏரிக்கரைக்குப் போவதாகப் பேச்சு. சித்தி காலையிலேயே தலை குளித்து, புளியோதரை கிளறி, கல்யாணப் பட்டுச் சேலையையும் எடுத்து வைத்தாள். அப்போது கடையிலிருந்து அண்ணாச்சி ஓடி வந்தார்.

"ஆவுடையப்பா, ஒருத்தரும் வெளிய போவாதீய. சிங்கள வாலிபப் பயலுவ அரசாங்கத்த எதுத்து, துப்பாக்கியோட போலீஸ் ஸ்டேஷனை அடிச்சிருக்கானுவளாம். ஊரடங்குன்னு ரேடியோவுல சொல்லுதான்."

கடைப் பலகைகளை மூடினார்கள். அவ்வளவுதான். ரயில் நின்றது, தபால் நின்றது. ராணுவ லாரி போகிற சத்தமும் எங்கோ தூரத்தில் வெடிக்கிற சத்தமும்தான் வெளியுலகம். வெங்காயம் அழுக ஆரம்பித்தது. அந்த நாற்றத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். வெளியே விடவில்லை என்று கோமதி அழுதாள். சித்திக்கு அழுகை வரவில்லை. "எனக்குக் கொழும்புலயே இதுதானே. அந்த ஜன்னல்ல வானமாவது தெரிஞ்சது" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

எதிர்வீட்டு இளைஞன் ஒருவனை ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போனதைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்த பிறகு சித்தப்பா கடைப்பக்கமே போவதில்லை. சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பார். அரிசி தீர்ந்துகொண்டு வந்தது. சித்தி முதலில் தன் பங்கைக் குறைத்தாள், பிறகு கஞ்சியாக்கினாள். பக்கத்து வீட்டுச் சிங்களத்து அம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஜன்னல் வழியாகப் பலாக்கொட்டை கொடுத்தாள். ஒருநாள் வாழையிலையில் சோறும் சம்பலும் நீட்டினாள். நெல்லையப்பன் கையை நீட்டிவிட்டான். சித்தப்பா எழுந்து வந்து இலையை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"மாசி கெடக்கு அதுல" என்றார்.

பையன் விரலில் ஒட்டியிருந்த தேங்காயைத் திரும்பி நின்று சப்பியதைச் சித்தி பார்த்தாள்.

சில நாள் கழித்து, பகலில் கொஞ்ச நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். அண்ணாச்சிக்குக் காய்ச்சல். சித்தப்பா வாசலையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் போறேன்" என்றாள் சித்தி.

"உனக்கு வழி தெரியுமா, பாஷை தெரியுமா?"

"அரிசி வாங்குததுக்கு என்ன பாஷை?"

அரிசி கிடைக்கவில்லை. நீண்ட வரிசையில் நின்று பாண் என்று அங்கே சொல்லும் ரொட்டியும் கொஞ்சம் பருப்பும் வாங்கினாள். திரும்பும்போது ஒரு தெரு தவறிவிட்டது. வேகமாக நடந்து ஒரு முனையில் திரும்பினாள். எதிரே ஏரி.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. சுற்றிலும் பச்சை மலை. கரையோரம் வெள்ளைச் சுவர், அதில் விளக்கு வைக்கிற மாதிரிக் குட்டிக் குட்டி மாடங்கள். சித்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். "நெஞ்சை அடைச்சுட்டு" என்றாள். இவ்வளவு பெரிய இடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே கஞ்சிக்குத் தண்ணீர் எவ்வளவு வைப்பது என்று மனசு கணக்குப் போட்டதாம். கொஞ்ச தூரத்தில் நின்ற ராணுவத்தான் துப்பாக்கியாலேயே 'போ' என்று காட்டினான். அப்போது மறுபடி ஊரடங்கு என்று சங்கு ஊதியது.

ஓடி வந்தாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. கடைப் பலகையைத் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. மறுபடி தட்டினாள். ராணுவம் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

"நாந்தாங்க, வடிவு. தெறங்க."

அப்போதும் பலகை அசையவில்லை. தெருமுனையில் லாரி வருகிற சத்தம். "அப்பா, அம்மா குரல்ப்பா!" என்று கோமதி கத்துவதும், "ஏளா, பேசாம இரு!" என்று சித்தப்பா அதட்டுவதும் வெளியே கேட்டன. கோமதிதான் பலகையைத் தள்ளினாள். சித்தி உள்ளே விழுந்தாள்.

"இவ்வளவு நேரம் எங்க போன? பிள்ளைக பட்டினி கெடக்குதுகன்னு நெனப்பு வேண்டாமா?" என்றார் சித்தப்பா.

சித்தி பையைக் கீழே வைத்தாள். ஸ்டவ்வைப் பற்ற வைக்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, ரொட்டியைக் காட்டிக் கையேந்தினாள். அந்த அம்மா ஓர் இலை நிறையச் சம்பல் கொண்டு வந்தாள். சித்தி அதை ரொட்டிக்குள் வைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டினாள்.

"ஏளா, அது..." என்று சித்தப்பா ஆரம்பித்தார். சித்தி திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு வெறும் ரொட்டியைப் பிட்டு வைத்தாள். அவளும் வெறும் ரொட்டிதான் தின்றாள்.

ரயில் ஓட ஆரம்பித்ததும் முதல் வண்டியில் ஊர் திரும்பினார்கள். தெருவில் எல்லாரும் வந்து விசாரித்தார்கள். "அந்தக் கலவரத்துலயும் ஒருநாள்கூட ஆசாரத்த விடலையே" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி எல்லாருக்கும் காபி கொண்டு வந்து கொடுத்தாள். சம்பல் தின்றதை அவளும் சொல்லவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை.

புதுத் துறைமுகம் வந்த பிறகு கம்பெனி பெருத்தது. சித்தப்பாவைக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்வரச் சொன்னார்கள். அவர் ஸ்டவ்வுக்குப் புதுத் திரி வாங்கிக்கொண்டு வந்தார்.

"நான் வரலைங்க" என்றாள் சித்தி.

"நீ வராட்டா சாப்பாட்டுக்கு?"

"நீங்களே பாத்துக்கோங்க."

சித்தப்பா புதுத் திரியைப் பரணில் போட்டார். கடைசியில் அவரும் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஆபீசில் சொல்லிவிட்டதாகக் கேள்வி. சித்தி அதன் பிறகு தூத்துக்குடியை விட்டு எங்கும் போனதில்லை. விடிந்தால் அதே அடுப்படி, அதே ஆட்கள். ஏரியைப் பார்த்ததை மட்டும் கடைசிவரை சித்தப்பாவிடம் அவள் சொல்லவில்லை.