ஹபீப் சார் திருத்தாத அட்டை

எங்கள் கல்லூரி நூலகர் ஹபீப் சார் காலமாகிவிட்டார் என்று கல்லூரி வாட்ச்மேன் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் அல்ல, ஓர் அட்டை. அதைச் சொல்லாமல் அஞ்சலி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எண்பதுகளின் நடுவில், தாம்பரத்தில் ஒப்பியல் சமயப் பாடம் நடத்த என்னைப் போட்டார்கள். நான் கிறிஸ்தவன், குர்ஆனைப் பற்றி அறிந்ததெல்லாம் மேல்நாட்டு அறிஞர்களின் ஆங்கிலப் புத்தகங்கள் வழியாகத்தான். பாட நூல்களுக்கான நூலக கேட்டலாக் அட்டைகளை நானே எழுதினேன். குர்ஆனுக்கு, ஆசிரியர் என்ற இடத்தில் நபிகளின் பெயரைப் போட்டேன்.

பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வருபவர் ஹபீப் சார். ஒவ்வொரு அட்டையையும் சரிபார்த்து மூலையில் கையெழுத்துப் போடுவார். இதில் போடவில்லை. நான் எழுதிய பைபிள் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதில் ஆசிரியர் இடம் காலி.

"இதுக்கு மட்டும் எப்படி சார் பேர் வந்துச்சு?"

அறிஞர்கள் சொல்கிறார்கள் என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே. அவர் கோபப்படவில்லை.

"அது இறைவன் வாக்குன்னு அவங்க நம்பலைன்னா அது அவங்க இஷ்டம் சார். ஆனா முதல் பக்கத்துலயே மனுஷன் எழுதினதுன்னு வெச்சுக்கிட்டு, கடைசிப் பக்கத்துல அதையே கண்டுபிடிச்ச மாதிரி சொல்றாங்களே."

வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகங்களைப் புரட்டினேன். குர்ஆனில் உள்ள எந்தக் கதை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எடுக்கப்பட்டதுதானா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள், மாற்றிவிடுகிறேன் சார் என்றேன். நானாவது மாற்றுவதாவது! முதலில் சோம்பல். பிறகு, இத்தனை நாள் தவறாக நடத்தினேன் என்று மாணவர்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற வீம்பு. ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகள் அந்த அட்டையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர் ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. என் மகள் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து பந்திக்கு இலை போட்டார். அப்போதும் கேட்கவில்லை.

பல்லாவரத்தில் அடக்கம் முடிந்து நேராக நூலகம் போனேன். இந்தப் பத்து வருடத்தில் அவரே மாற்றியிருப்பார் என்று ஒரு நப்பாசை. அட்டை அப்படியே இருந்தது. மூலை வெறுமையாக இருந்தது.

"நான் மாத்திடவான்னு ஒரு தடவை கேட்டேன் சார்" என்றார் நூலக உதவியாளர் ஜெயந்தி. "'வேணாம்மா, சார் மாத்துறேன்னு சொல்லியிருக்காரு, மாத்துவாரு'ன்னாரு."

அங்கேயே உட்கார்ந்து புது அட்டை எழுதினேன். ஆசிரியர் இடத்தைக் காலியாக விட்டேன்.

தாமதமாகிவிட்டது ஹபீப் சார், மன்னியுங்கள். மூலையில் நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் வேறு யாரையும் போட விடமாட்டேன்.