நாலு பேரும் உட்கார்ந்தால்தான்

என் மூத்த நாத்தனாருக்கு அவருடைய தம்பிகள் வைத்த பெயர் தாழ்ப்பாள். அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் திறக்காதாம். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

அவரும் தம்பிகள் மூவரும் சேர்ந்து குடைக் கம்பெனி தொடங்கினார்கள். மூத்த தம்பி என் வீட்டுக்காரர். பதிவு செய்ய வந்த வக்கீல், சுற்றுச்சுவர் சட்டத்துடையது, உள்ளே அறை தடுப்பது உங்கள் பாடு என்றார். கம்பெனிக்குள் எப்படி முடிவெடுப்பது என்று நாமே விதி எழுதிக்கொள்ளலாமாம், சட்டத்துக்கு மாறாக மட்டும் போகக்கூடாதாம்.

உடனே நாத்தனார், "நாலு பேரும் ஒண்ணா உக்காராம எந்த முடிவும் செல்லாதுன்னு எழுதுங்க" என்றார்.

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனியும் சேர்ந்து படுத்துக்கொள்ளுமா என்று கடைசித் தம்பி கேலி செய்தான்.

"படுக்கட்டும். என் கல்யாணத்தைப் பக்கத்து ரூம்ல பேசி முடிச்சாங்க. நான் டம்ளர் கழுவிக்கிட்டிருந்தேன்."

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வக்கீல் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

கூட்டம் என்றால் தையல் கூடத்து நீள மேசைதான். துணிச் சுருள்களை ஒதுக்கிவிட்டு உட்காருவார்கள். பேச்சு நடக்கும்போதே நாத்தனார் ஒவ்வொரு குடையாக விரித்துப் பார்ப்பார். அந்தப் பட்பட் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்னாளில் தம்பிகள் கூடத்தை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே பெரிய இடத்துக்குப் போக நினைத்தார்கள். நாத்தனாருக்கு மனமே இல்லை. புருஷன் வீட்டை விட்டு வந்தவர், தனக்கென்று உட்கார்ந்த இடம் அது. கூட்டத்துக்குப் போனால் மூவருக்கு எதிரே ஒருவர், தோல்விதான். போகாவிட்டால் கூட்டமே செல்லாது. நான் விடவில்லை.

"அண்ணி, தலைவலின்னு படுத்துக்குங்க. வருஷம் பூரா வலிக்கட்டும்."

அவர் தலையை வாரிக்கொண்டே, "என்னை விட்டுட்டுப் பேசக்கூடாதுன்னுதானே எழுதச் சொன்னேன்? அவங்க பேசவே கூடாதுன்னா சொன்னேன்?" என்றார்.

போனார். அக்கா வரமாட்டாள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த கடைசித் தம்பி, அவர் எல்லோருக்கும் முன்பே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டானாம். எல்லோரும் பேசினார்கள். வேண்டாம் என்று அவர் கை ஒன்றுதான் உயர்ந்தது. கூடம் கைமாறிப் போயிற்று.

புது இடத்துக்கு அந்த நீள மேசையைத் தம்பிகள் மூவருமே தூக்கிப் போனார்கள். வாசலில் நுழையவில்லை. புதுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏற்றினார்கள். அவர் இருந்தவரை கூட்டம் அதில்தான் நடந்தது.

நானாக இருந்தால் அன்றைக்குப் போயிருக்க மாட்டேன். அவரிடமே சொன்னேன், சிரித்தார். இன்றும் அதைத்தான் சொல்வேன். மறுத்துப் பேசுகிறவர்கள் எதிரே வந்து உட்கார்ந்து பேசட்டும்.