தலையணைக்கு ஆதாரம் தேடியவன்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று இரண்டு மூன்று வாசகர்கள் விசாரித்தார்களாம். நன்றி. நான் மல்லாந்து படுத்திருந்தேன். தலைக்குத் தலையணைகூடக் கிடையாது. எழுதியே ஆகவேண்டும் என்றால் மின்விசிறியில்தான் எழுதியிருக்க வேண்டும்.

குடலிறக்க ஆபரேஷன். பெரிய விஷயமில்லை. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, நாம் விழித்துக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சோதனை. மறுநாள் காலை வரை தலையணை இல்லாமல் தட்டையாகக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டையைப் பிளக்கும் தலைவலி வருமாம்.

பக்கத்துக் கட்டிலில் பேரையூர்க்காரர் ஒருவர். பருத்தி விவசாயி. அவருக்கும் அதே டாக்டர், அதே ஊசி, அதே ஆபரேஷன். ஆனால் அவர் தலைக்கு அடியில் உப்பலாக ஒரு தலையணை! என்னைப் பார்க்க அவருக்கே மனசு கேட்கவில்லை.

"என்னண்ணே, ஒங்களுக்குத் தலகாணி தரலையா?"

"இல்லண்ணே."

"உள்ள தெரிஞ்ச ஆளு யாரும் இல்லையோ? கவலப்படாதீக. எஸ்தர் சிஸ்டர்னு ஒருத்தக இருக்காக. தங்கமான மனுசி. வரட்டும், நான் சொல்லி வாங்கித் தாரேன்."

எஸ்தர் சிஸ்டர் என் மனைவி.

எனக்குத் தலையணை இல்லாமல் போனதற்குக் காரணமே அவள்தான். சரி, தலையணை வைக்கலாம் என்று வாதாட அவளுக்கு ஆதாரம் தேடிக் கொடுத்து இதையெல்லாம் தொடங்கி வைத்தது யார்? சாட்சாத் நானேதான். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் அந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் சர்ஜரி வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர். ஆபரேஷன் முடிந்தவர்கள் தட்டையாகக் கிடந்து கழுத்து வலியில் முனகுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு சந்தேகம் — இது உண்மையிலேயே தேவைதானா? பெரிய டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "ஆதாரம் கொண்டு வாங்க சிஸ்டர், பேசுவோம்" என்றார் அவர். அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லா டாக்டர்கள் முன்னாலும் அவள் பேச ஏற்பாடு ஆனது. ஒரு நர்ஸ் எழுந்து நின்று கேள்வி கேட்பதே அங்கே புதுசு. வெறுங்கையோடு போய் நின்றால் அவள் மட்டுமல்ல, அவளுக்குப் பின்னால் வருகிற எந்த நர்சும் வாய் திறக்க முடியாது.

அவளால் டியூட்டியை விட்டு நகர முடியாது. நானோ பள்ளிக்கூட வாத்தியார். முழுப்பரீட்சை லீவு வேறு. "தேடுறதுதானே? எங்கிட்ட விடு" என்றேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தொலைத்த குடையைத் திரும்பக் கண்டுபிடித்தவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஊரில் ஒரு மருத்துவ நூலகத்தில் சிபாரிசு பிடித்து உள்ளே போனேன். எந்தக் கட்டுரை எந்த மருத்துவப் பத்திரிகையில் வந்தது என்று தலைப்பு வாரியாகச் சொல்லும் அட்டவணை வால்யூம்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். தூக்கி இறக்குவதற்குள் மூச்சு வாங்கியது.

முதல் நாள், 'தலையணை' என்று தேடினேன். வேறு எப்படித் தேடுவதாம்? உருப்படியாக ஒன்றுமில்லை. சரி, 'தலைவலி' என்று பார்த்தேன். ஆகா... பக்கம் பக்கமாக! வெயிலால் வரும் தலைவலி, பல்லால் வரும் தலைவலி, மூளையில் கட்டி வந்து வரும் தலைவலி... தேடப் போனதை மறந்துவிட்டு சாயங்காலம் வரை அதையே படித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது பின்மண்டையில் விண் விண் என்று ஒரு தெறிப்பு. கட்டுரையில் போட்டிருந்த அதே இடம்!

"எஸ்தர், பிரஷர் பாரேன்."

பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எம்புட்டுக் கட்டுரை கெடச்சுச்சு?"

"நெறைய. ஆனா எல்லாம் எனக்கு வந்திருக்கிற வியாதியப் பத்தி."

தலையில் அடித்துக்கொண்டாள். "கேள்விய ஒழுங்கா வச்சுக்கிட்டுல்ல புத்தகத்தத் தொறக்கணும்? முதுகுல ஊசி போட்டவங்க. அதுல தலகாணி வச்சவங்க ஒரு பக்கம், வைக்காதவங்க ஒரு பக்கம். தலைவலி யாருக்கு வந்துச்சு? இம்புட்டுத்தான் நமக்கு வேணும். தலகாணிய விடுங்க. முதுகு மயக்க ஊசின்னு இருக்கும், அங்க ஆரம்பிங்க."

மறுநாள் அங்கே ஆரம்பித்தேன். கிடைத்தது! ஒரு கட்டுரையின் கடைசியில், அதை எழுதியவர் யார் யாருடைய கட்டுரைகளைப் படித்தார் என்று போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். அங்கிருந்து இன்னொன்று. கை வலிக்க வலிக்க எழுதிக்கொண்டு மாப்பிள்ளை மிடுக்கோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

எஸ்தர் உட்கார்ந்து முழுசையும் படித்தாள். முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை.

"எல்லாமே தலகாணி வச்சா ஒண்ணும் ஆகாதுன்னே சொல்லுது. வைக்கக் கூடாதுன்னு ஒருத்தர்கூடவா எழுதல?"

"எழுதியிருந்தாங்க. அது நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... காப்பி அடித்த பையனை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"டாக்டர் அதத்தான் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. நாளைக்கு அதையும் எழுதிட்டு வாங்க. எந்த ஊசி போட்டாங்க, எம்புட்டு தடிமன்னு கண்டிப்பா பாத்துட்டு வாங்க. தடிமனான ஊசின்னா அதுவே தலைவலியக் கொண்டாந்துரும்."

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக இந்த வெயிலில் அலைகிறேன்? ஆனாலும் போனேன். மறுபடி அம்மிக்கல்களைத் தூக்கினேன். வேண்டாம் என்று தள்ளியவற்றை எழுதிக்கொண்டு வந்தேன். அவற்றில் சிலவற்றில் ஊசி தடிமனாக இருந்தது. சிலவற்றில் எதையும் குறை சொல்ல முடியவில்லை. நம் கட்சி முழுசாக ஜெயிக்கவில்லை என்று எனக்கே புரிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் எஸ்தர் இரண்டு பக்கத்தையும் அப்படியே எடுத்து வைத்தாள். பெரிய டாக்டர் கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சிஸ்டர். அதெல்லாம் அவங்க ஊரு. நம்ம ஊர்ல எப்படின்னு யாரு சொல்றது?" என்றாராம்.

"நம்ம வார்டுலயே பாத்துருவோம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள் என் மனைவி.

அதன்படி ஆபரேஷனுக்கு வருபவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு, பஞ்சு டின்னுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். சிலருக்குத் தலையணை, சிலருக்குப் பழையபடி கட்டாந்தரை மாதிரி கட்டில்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எனக்குக் குடல் இறங்கியது. வால்யூம்களைத் தூக்கித் தூக்கித்தான் வந்தது என்பது என் கட்சி. அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார் டாக்டர். அட்மிட் ஆன அன்று என்னிடமும் சம்மதம் கேட்டார்கள். தேடிக் கொடுத்தவனே மாட்டேன் என்றால் வேறு யார் சம்மதிப்பார்கள்? சரி என்றேன். சீட்டெடுத்தவர் பெரிய டாக்டர். வந்தது... உங்களுக்குத்தான் தெரியுமே! பேரையூர்க்காரருக்கும் இதே சீட்டுத்தான்; அவர்தான் அதைச் சிபாரிசு என்று நினைத்துக்கொண்டார்.

ஆக, மல்லாந்து கிடந்தேன். எஸ்தர் கட்டிலருகே வந்தபோதெல்லாம் கண்ணால் கெஞ்சினேன். "பேசாமப் படுங்க" என்று போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

காலையில் வந்தாள். பின்னால் பெரிய டாக்டர். முதலில் பேரையூர்க்காரரிடம் போனாள்.

"தலை வலிக்குதாண்ணே?"

"இல்ல தாயி. சொகமா இருக்கேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்தது என் முறை. யோசித்துப் பாருங்கள். தட்டையாகக் கிடந்தவன் நான். எனக்கே தலைவலி வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்... டாக்டரின் விதி ஆட்டம் காணும், என் மனைவியின் கை ஓங்கும். யாருக்குத் தெரியப்போகிறது? பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"தலை வலிக்குதா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டுரையை நான் ஒளித்த அன்று பார்த்த அதே பார்வை. ஜெயிப்பதைவிட அவளுக்கு உண்மை தெரிவதுதான் முக்கியம்.

"இல்ல சிஸ்டர்" என்றேன். வீட்டுக்காரியை முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டேன். அவள் குறித்துக்கொண்டாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. என்னை நினைத்தும் கொஞ்சம்.

"கழுத்து?"

"அதக் கேக்க இப்பவாச்சும் தோணுச்சே!"

அதையும் குறித்துக்கொண்டு அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும், பேரையூர்க்காரர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீகண்ணே. ஒங்களுக்காக நானும் கேட்டுப் பாத்தேன். அசஞ்சு குடுக்கல. அம்புட்டுக் கறாரு! வீட்டுல அவுக புருசன் பாடு எப்படியோ... பாவம்!"

வலிக்கிற கழுத்தோடு மெல்லத் தலையாட்டினேன்.