பூங்காவனத்தின் கையில் ஏறிய கடிகாரம்

1974ஆம் ஆண்டு ஜூலை 17, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. வெளியே சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வகுப்பறை முழுக்க நனைந்த கோணியின் வாடை. ஜவ்வாது மலையில் அந்த மாதத்தில் குடையோடு பள்ளிக்கு வந்தவன் எங்கள் வகுப்பில் நான் ஒருவன்தான். மற்ற முப்பது பேரும் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் ‘கொங்காணி’யோடு வந்து அதைப் பின்சுவர் ஆணிகளில் மாட்டிவைப்பார்கள். ஆணிகள் இருபத்திரண்டு. மிச்சம் எட்டுக் கொங்காணிகள் தரையில் கிடந்து ஈரத்தைப் பரப்பும்.

நேரம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த நிமிடத்தில்தான் எங்கள் எட்டாம் வகுப்பு மேசைமேல் முதன்முதலாக ஒரு கைக்கடிகாரம் கழற்றி வைக்கப்பட்டது. அது வசந்தா டீச்சருடையது. சரியாகச் சொன்னால் அவருடைய அப்பாவினுடையது. ஆண்கள் கட்டும் பெரிய வட்டம், வியர்வையில் கறுத்த தோல்பட்டை, உள்ளே நிற்காமல் ஓடும் சிவப்பு நொடிமுள். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். அந்த முள் ஒரு சுற்று முடிப்பதற்குள் என் நெஞ்சு எண்பத்தாறு முறை அடித்ததை எண்ணினேன். அது என் கைக்கு வரவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

டீச்சர் ஆரணிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த முதல் வாரமே அலமாரியில் அரசாங்கம் அனுப்பிய ‘அறிவியல் பெட்டி’ இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். உருப்பெருக்கி, காந்தம், தராசு, நிறுத்தக்கூடிய கடிகாரம் என்று பதினெட்டுச் சாமான்கள் கொண்ட பெட்டி அது. பூட்டுச் சாவி தலைமையாசிரியரின் பூணூலில் தொங்கியது. கேட்டபோது அவர் சொன்னது எங்கள் வகுப்புவரை கேட்டது. “பசங்க கைல குடுத்து ஒண்ணு ஒடஞ்சா இன்னா பண்ணுவீங்க? இன்ஸ்பெக்‌ஷன்ல பதினெட்டும் எண்ணிக் காட்டணும்ங்க. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் கீது.”

அதற்குமேல் டீச்சர் கேட்கவில்லை. கையில் கிடைத்ததை வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். இலைக்காம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரை நிற்கவைத்து அதையே உருப்பெருக்கியாக்கினார். இரண்டு கொட்டாங்கச்சியும் ஒரு மூங்கில் குச்சியும் தராசாயின. பத்துகளையும் நூறுகளையும் விளங்கவைக்கப் புளியங்கொட்டை வேண்டுமென்றார். என் அப்பா கலசப்பாக்கத்திலிருந்து மலைக்கு வந்து புளியும் சாமையும் வாங்கி விற்ற மளிகைக்கடைக்காரர். எனவே மறுநாளே இரண்டாயிரத்து நூறு கொட்டைகளை எண்ணி, நூறு நூறாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் மேசைமேல் அடுக்கினேன். “இத்தனையும் நீயே எண்ணினியா?” என்று டீச்சர் வியந்தார். பின்பெஞ்சிலிருந்து “அவங்க வூட்ல தூங்கறப்பவும் எண்ணுவாங்க டீச்சர்” என்று ஒரு குரல் வந்தது. எனக்கு அவர்கள் வைத்த பெயர் ‘புளிக்கடை’.

வகுப்பில் கணக்கு என்றால் நான் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட சேதி. ஆகவே அந்தப் புதன்கிழமை டீச்சர் உத்தரத்திலிருந்து ஒரு மீட்டர் நீளத்தில் சணல்கயிறு கட்டி, அதன் நுனியில் கூழாங்கல்லைத் தொங்கவிட்டு, இதற்குத் தனி ஊசல் என்று பேர் என்று சொன்னபோது, நான் கையைத் துடைத்துக்கொண்டு தயாராகிவிட்டேன்.

“கல்லு ஒரு பக்கம் போயி, விட்ட எடத்துக்குத் திரும்பி வந்தா ஓர் ஆட்டம். இருபது ஆட்டம் எண்ணணும். நான் வாட்ச்சுல நேரம் பாப்பேன். யாரு சரியா எண்ணுறாங்களோ அவங்ககிட்ட இந்த வாட்ச்சு அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் இருக்கும். பள்ளிக்கூட நேரம் முழுக்க அவங்க கைலதான். மணியும் அவங்கதான் அடிக்கணும்.”

மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதன் சத்தத்துக்கு நூற்று நாற்பது பிள்ளைகளும் நான்கு ஆசிரியர்களும் எழுவார்கள், உட்காருவார்கள், கஞ்சிக்கு ஓடுவார்கள். தலைமையாசிரியரே எழுவார்.

டீச்சர் ஐந்து பேரைக் கூப்பிட்டார். முதலில் நான். கல்லை இழுத்துப் பிடித்து, விடும்போது கணீரென்று “ஒண்ணு” என்றேன். திரும்பி வந்தபோது “ரெண்டு”. இருபது சொன்னதும் டீச்சர் பலகையில் 38 நொடி என்று எழுதினார். அடுத்த மூன்று பேரும் என்னைப் போலவே எண்ணினார்கள், மூவருக்கும் 38. நான் அதற்குள் கடிகாரத்தை எந்தக் கையில் கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஐந்தாவதாக வந்தவள் பூங்காவனம். மேல்காட்டில் சாமை விளைத்த குடும்பத்துப் பெண். வாய்ப்பாட்டில் பதின்மூன்றைத் தாண்டமாட்டாள். அவள் கல்லை விடும்போது “லாபம்” என்றாள். அது திரும்பி வந்தபோதுதான் “ஒண்ணு” என்றாள். வகுப்பே சிரித்தது.

“இன்னாடி, சாமையா அளக்குற?”

“இன்னும் ரெண்டு படி போடு பூங்கா, மூட்ட நெரம்பல!”

அவள் நிறுத்தவில்லை. இருபது சொன்னபோது பலகையில் 40 என்று விழுந்தது.

இந்த ‘லாபம்’ பற்றி நான் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கும்போது முதல் படிக்கு ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள், அடுத்தது ‘ரெண்டு’. எங்கள் கடையிலும் அப்படித்தான், லாபம் என்றால் ஒன்று. ஆனால் பூங்காவனத்தின் வீட்டில் லாபம் எண்ணிக்கையிலேயே சேராது. முதல் படியைச் சும்மா போட்டுவிட்டு அதற்கு அடுத்த படியிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று தொடங்குவார்கள், அளந்து வாங்குவது யாராக இருந்தாலும். அவர்கள் வந்து அளந்துபோட்ட நாட்களில் அப்பா சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொல்வார்: “அந்த வூட்டுக்காரங்க மட்டும் தெனம் வந்தா நான் அடுத்த வருஷம் லாரி வாங்கிடுவேன்.”

எனவே எனக்குச் சந்தேகமே இல்லை. எழுந்து சொன்னேன். “டீச்சர், அவ ஒண்ண வுட்டுட்டா. நாலு பேருக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு மட்டும் நாப்பது.”

டீச்சர் என்னை மறுபடி ஊசலிடம் கூப்பிட்டார். “கல்லப் பிடி. எண்ண ஆரம்பி. நான் சொன்னதும் நிறுத்திக்கோ.”

பிடித்தேன். “ஒண்ணு” என்றேன்.

“நிறுத்து. கல்லு எங்க இருக்கு?”

“கைலதான் டீச்சர்.”

“எத்தன ஆட்டம் ஆடியிருக்கு?”

கல் என் விரல்களுக்குள் அசையாமல் இருந்தது. பின்னால் யாரோ மெல்லச் சிரிக்க ஆரம்பித்து, பிறகு முப்பது பேரும் சிரித்தார்கள். நாங்கள் நான்கு பேரும் பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று எண்ணியிருந்தோம்.

“டீச்சர், அவளுக்கு இது தெரிஞ்சு எண்ணல. வூட்டுப் பழக்கத்துல சொன்னா” என்றேன்.

“இருக்கட்டும்டா. எண்ணிக்கை சரியா இருக்கா இல்லயா?” என்றபடி டீச்சர் கடிகாரத்தைப் பூங்காவனத்தின் கையில் கட்டினார். பட்டையின் கடைசி ஓட்டையில் மாட்டியும் நிற்காமல் அது முழங்கைவரை ஏறியது. அவள் அதை நேராகப் பார்க்கக்கூட வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பு மாதிரி தாவணியை இழுத்து மூடிக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நானாக இருந்தால் கையைத் தூக்கியபடியே வீட்டுக்குப் போயிருப்பேன்.

அன்றிலிருந்து நாளைக்கு ஒன்பது முறை அந்தத் தண்டவாளம் என் வயிற்றில் அடித்தது. கணக்கைப் படித்தவன் நான், கொட்டையை எண்ணிக் கொடுத்தவன் நான், முன்பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். சாமை அளக்கிற வழக்கம் ஒன்றால் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். தோற்றதைவிட, தான் ஜெயித்தது அவளுக்கே தெரியாததுதான் எனக்கு எரிச்சல். ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். அப்பா விஷயம் கேட்டுவிட்டு, “ஒரு ஆட்டத்துக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? நம்ம கடைல அந்த ஒரு படிதான்டா உனக்குக் குடை வாங்கிக் குடுத்துது” என்றார். அதற்குப்பிறகு அந்தக் குடையையும் பிடிக்கவில்லை.

அவளைப் பிடித்துக்கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு மீட்டர் ஊசல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நொடி எடுக்கிறது. ஆக நிமிடத்துக்கு முப்பது, நாற்பது நிமிடப் பாடவேளைக்கு ஆயிரத்து இருநூறு. என் பெஞ்சை ஒட்டிய சன்னலின் மேல்கம்பியில் அதே நீளத்துக்குக் கயிறு கட்டி, கல்லைத் தொங்கவிட்டு, ஆட்டம் குறையும்போதெல்லாம் விரலால் ஒரு தட்டுத் தட்டி, சமூக அறிவியல் வகுப்பு முழுக்க மனசுக்குள் எண்ணினேன். இந்த முறை கல் திரும்பி வந்த பிறகுதான் ஒன்று. பதினோராம் நாள் அகப்பட்டாள். அன்று ராகிக் கஞ்சியோடு கருவாடு வறுபட்ட வாசனை வந்தது. “பூங்கா, அடிடி, செத்துருவோம்டி!” என்று பையன்கள் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து நூற்றுப் பத்தாவது ஆட்டத்தில் மணி அடித்துவிட்டது. எல்லோரும் தட்டோடு ஓடினார்கள், நான் டீச்சரிடம் ஓடினேன்.

“டீச்சர், மூணு நிமிஷம் முன்னாடியே அடிச்சிட்டா!”

“உன்கிட்ட வாட்ச்சு ஏது? எப்பிடித் தெரியும்?”

சொன்னேன். டீச்சர் சன்னல் கம்பியில் ஆடிய கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “இதத்தான்டா நான் பாடத்துல சொல்லிக் கொடுக்கணும்னு இருந்தேன்” என்றார். பூங்காவனத்தைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மாறாக, அன்றுமுதல் அவள் மணி அடிப்பதை நான் ஊசல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் அதைப் பெரிய மரியாதை என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அவளுக்குக் கடிகாரம், எனக்குக் கயிறும் கல்லும்.

அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு கடிகாரம் என்னிடம் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பரீட்சை முடிவதற்கு நான்கு நாள் முன்பு அவருக்கு ஆரணிப் பக்கமே மாற்றல் வந்துவிட்டது. பஸ் ஏறும்போது கடிகாரம் அவர் கையில் இருந்தது. பூங்காவனம் அழுதாள். நானும் அழுதேன், அவள் அழுத காரணத்துக்காக அல்ல.

பிறகு நான் கருவூலத்தில் வேலை பார்த்து, முப்பத்தாறு வருடம் மற்றவர்களின் பணத்தை எண்ணி ஓய்வு பெற்றேன். கடிகாரங்கள் பதினான்கு வாங்கினேன். சிவப்பு நொடிமுள் இல்லாத எதுவும் என் வீட்டில் இல்லை. ஒவ்வொன்றைக் கட்டும்போதும் அந்த மெலிந்த கையில் அது முழங்கைவரை ஏறிய காட்சிதான் வந்து நிற்கும்.

போன மாதம் முழங்கால் வலியோடு ஒரு காரை வாடகைக்குப் பிடித்து மலைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் இப்போது மணி தானாக அடிக்கிறது. வேப்பமரம் இல்லை. உத்தரம் போய் கான்கிரீட் வந்துவிட்டதால் ஊசல் கட்ட ஒரு கொக்கிகூட இல்லை. அதெல்லாம் சுவரில் மாட்டிய திரையிலேயே ஆடிவிடுகிறதாம், இருபது ஆட்டத்தையும் அதுவே எண்ணிவிடுகிறதாம். விசாரித்துக்கொண்டு பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சாமை காய்ந்தது. என்னை அடையாளம் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

“புளிக்கடையா? இன்னாப்பா, முடியெல்லாம் எங்க வுட்டுட்டு வந்த?”

கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள்.

“ஆமா, ஒண்ணு குடுத்தாங்க. கைல நிக்கவே நிக்காது. மணி அடிக்கணும்னு தெனம் காட்டுலேர்ந்து ஓடியாரணும். எப்படா இது நம்மள வுட்டுப் போவும்னு இருந்துச்சு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், உனக்கு வேணுமா இருந்துச்சா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கழட்டிக் குடுத்திருப்பேனே” என்றாள்.

“சும்மா கேட்டேன்” என்றேன்.

“இதக் கேக்கவா காரு வெச்சிக்கினு வந்த?”

இல்லை, சாமை வாங்க வந்தேன் என்றேன். வேறு என்ன சொல்வது? ஐந்து படி கேட்டேன். படி நூற்றிருபது ரூபாய் என்றாள். என் பையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, முதல் படியைச் சாய்த்து “லாபம்” என்றாள். அடுத்ததற்கு “ஒண்ணு”. பையில் ஆறு படி விழுந்தது, ஐந்துக்குத்தான் பணம் வாங்கினாள். கூடக் கொடுக்கிறாயே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பையின் வாயைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள்.

மலை இறங்கும்போது வழக்கம்போலக் கணக்குப் போட்டேன். கார் வாடகை மூவாயிரத்து இருநூறு. சாமை அறுநூறு. ஆக மொத்தம் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த லாபப் படியை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.